அஞ்சாம் கட்டில் பொம்மை

நான் அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கதை கட்டுகிற அளவுக்கு மண்டையில் ஒன்றும் கிடையாது. நடந்ததை நடந்தபடிதான் சொல்லத் தெரியும். டாக்டர் ரெண்டு பேர் இது நடக்கவே இல்லை என்றார்கள். அவர்கள் அங்கே இல்லை. நான் இருந்தேன்.

பேய் என்றால் நடுராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை என்று எதிர்பார்க்கிறவர்கள் வேறு எங்காவது பார்த்துக்கொள்ளுங்கள். இது பகல் பதினொன்றே முக்காலுக்கு நடந்தது. போன ஆவணியில் ஒரு புதன்கிழமை. ஏசி போட்டு, ட்யூப்லைட் பளீரென்று எரிந்துகொண்டிருந்த அறையில்.

என் பேர் அங்கப்பன். அன்னூருக்குப் பக்கம். கிணறு வெட்டின உடம்பு, வயசு அறுபத்தெட்டு. கோயமுத்தூருக்கு வெளியே ஒரு நர்சிங் காலேஜ். பேர் வேண்டாம். அங்கே நோயாளி வேஷம் போட ஆள் எடுத்தார்கள். பிள்ளைகள் நிஜ நோயாளியைத் தொடுவதற்கு முந்தி எங்களை வைத்துத்தான் பழகுவார்கள். என்ன நோவு என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அதன்படி கட்டிலில் படுத்து முனக வேண்டும்.

எதிர்ச் சுவரில் பெரிய டிவி. அதில் நாடித்துடிப்பு, பிரஷர் எல்லாம் ஓடும். என்னுடையது இல்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ரூபன் என்கிற டெக்னீசியன் தட்டிவிடுகிற நம்பர். ஒரு தடவைக்கு எட்டு நிமிசம். பிள்ளைகள் சரியாகச் செய்தால் பாயிண்ட் ஏறும், தப்பினால் இறங்கும். ஆரம்பிக்கும்போதும் முடியும்போதும் மணி அடிக்கும். செல்போனில் விளையாடுகிறார்களே, கிட்டத்தட்ட அதேதான்.

ஆஸ்பத்திரிக்காரர்களை நான் நம்புகிறவன் இல்லை. அதனால்தான் போனேன். உள்ளே என்னதான் பண்ணுகிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்று.

முதல் நாளே லோகப்பிரியா மேடம் ஒரு சிவப்பு அட்டையைக் கொடுத்தார். அவர்தான் அங்கே டீச்சர்.

"நிசமாவே உங்களுக்கு முடியலைன்னா இதைத் தூக்கிக் காட்டுங்க. எல்லாத்தையும் நிறுத்திருவோம்."

"நடிக்கிறவனுக்கு எதுக்குங்க அம்மணி இது? நானென்ன ரயிலு வண்டியா?"

அந்தம்மா சிரிக்கவில்லை. "வெச்சுக்குங்க" என்றார். சட்டைப் பையில் போட்டேன். அதோடு மறந்தேன்.

என் கட்டில் நாலாம் நம்பர். பக்கத்தில் அஞ்சாம் நம்பரில் ஒரு பொம்மை. ஆள் உயரத்துக்கு ரப்பரில் செய்த பொம்பளை. நெஞ்சு ஏறி இறங்கும். கண் சிமிட்டும். ரூபன் பட்டனைத் தட்டினால் பேசவும் செய்யும். "மூச்சு முட்டுதுங்க கண்ணு" என்று அது முனகியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அச்சு அசல் நம்ம பக்கத்துப் பொம்பளை.

"ஏனுங்க ரூபன், வெளிநாட்டுப் பொம்மைக்கு நம்மூர்ப் பேச்சு எப்படிங்க வந்துது?"

"மொதல்ல இங்கிலீஷ்லதானுங்க முனகிட்டுக் கெடந்துது. பசங்க சிரிச்சுபோடறாங்க. அதுனால நோயாளியா நடிக்க வந்த ஒரு அம்மாவப் பேச வெச்சுப் பதிஞ்சோம். மொத்தம் பதினோரு பேச்சு."

"யாருங்க அந்தம்மா?"

"இப்ப வர்றதில்லைங்க" என்று ஒயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டான். சுற்றி முடித்த ஒயரையே மறுபடியும் சுற்றினான்.

அந்தப் புதன்கிழமை, சுவர்க் கடிகாரத்தில் சரியாகப் பதினொன்றரை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவர்கள் கொடுத்த பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டேன். பொம்மைக்கு அன்றைக்கு ரிப்பேர். பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி அதன் வயிற்றின் மேலேயே வைத்திருந்தார்கள். கண் மூடியிருந்தது. நெஞ்சு அசையவில்லை. நானே பார்த்தேன்.

பதினொன்று முப்பத்தாறு. ஒரு வாசம் வந்தது. களத்தில் காயப்போட்ட தேங்காய்ப் பருப்பு, அதான் கொப்பரை, வெயில் ஏற ஏற ஒரு காறலோடு வீசுமே... அந்த வாசம். பூட்டின ஏசி ரூமில் ஏது களம்?

பதினொன்று முப்பத்தெட்டு. திரும்பிப் பார்த்தேன். பொம்மையின் கண் திறந்திருந்தது. தலை என் பக்கம் திரும்பியிருந்தது.

"என்ன பார்வை? ஆம்பளையப் பார்த்ததில்லையா?" என்று சத்தமாகவே கேட்டேன். ரப்பருக்குப் பயப்படுகிற ஆள் நான் இல்லை.

பதினொன்று நாற்பத்தொன்று. மணி அடித்தது. மூன்று பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். யுவஸ்ரீ என்று ஒரு ஒல்லிப் பிள்ளைதான் அன்றைக்குத் தலைவி. பரீட்சை. இதில் தேறினால்தான் அடுத்த மாசம் வார்டுக்கு விடுவார்கள். அன்றைக்கு என் சீட்டில் இருந்தது, சர்க்கரை குறைந்து மயக்கம். வேர்க்க வேண்டும், உளற வேண்டும்.

"அப்பாரு, காலைல சாப்ட்டீங்களா?"

"இல்லீங்க அம்மணி... தலை சுத்துது..."

பதினொன்று நாற்பத்துநாலு. நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தார்கள். சீட்டில் அது இல்லை. இடது தோள் மரத்தது. தாடை இழுத்தது. தண்ணீர் ஊற்றினது போல வேர்த்தது.

"தாத்தா இன்னிக்குப் பிச்சு உதர்றாருடி. வேர்வை கூட வருது பாரு" என்றாள் ஒருத்தி.

டிவியைப் பார்த்தார்கள். அதில் எனக்கு எல்லாம் சரியாக இருந்தது. குளுக்கோஸ் ஏற்றுகிற பாவனை செய்தார்கள். பாயிண்ட் ஏறியது.

பதினொன்று நாற்பத்தாறு. சிவப்பு அட்டை சட்டைப் பையில். சட்டை ஆணியில். ஆணி ஆறடி தூரம். கை எழவில்லை. வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

மூச்சு இல்லை.

அந்தத் தேங்காய் வாசம் மட்டும் முகத்துக்குக் கிட்டே வந்தது...

பதினொன்று நாற்பத்தேழு.

அஞ்சாம் கட்டிலிலிருந்து.

"அவரு நடிக்கலைங்க கண்ணு."

யுவஸ்ரீ விசுக்கென்று திரும்பினாள்.

பொம்மையின் வயிற்றில் ஒயர் சுருண்டு கிடந்தது.

"டிவியப் பார்க்காதே... கழுத்தத் தொட்டுப் பாரு..."

அந்தப் பிள்ளையின் முகம் வெளுத்தது. ஆனால் ஓடவில்லை. கழுத்தில் ரெண்டு விரலை வைத்தாள்.

ஐஸ் மாதிரி விரல்.

"மேடம், நிறுத்துங்க. இது நெசம்."

ஸ்பீக்கரில் மேடம் குரல். "யுவஸ்ரீ, இன்னும் ரெண்டு நிமிசம் இருக்குது. இப்ப விட்டா ஃபெயில்."

"ஃபெயிலாப் போகட்டுங்க மேடம்."

அதற்குமேல் எனக்கு நினைவில்லை.

பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. இருபது நிமிசத்தில் கொண்டுபோய்விட்டார்களாம். ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் மூணு நிமிசம் தாமதித்திருந்தால் பொட்டலம்தான் என்றார் டாக்டர். குரலைப் பற்றிச் சொன்னேன். மூளைக்கு ரத்தம் குறைந்தால் அப்படியெல்லாம் கேட்கும் என்றார். கூட இருந்த இன்னொரு டாக்டரும் ஆமாம் என்றார்.

"எனக்குக் குறைஞ்சுதுங்க. சரி. அந்தப் புள்ளைக்குமா குறைஞ்சுது?"

ரெண்டு பேரும் ஃபைலை மூடிக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பன்னிரண்டாம் நாள் காலேஜுக்குப் போனேன். வீட்டில் வேண்டாம் என்றார்கள். போனேன். என் சட்டை அங்கேயே ஆணியில் தொங்கியது. பையில் சிவப்பு அட்டை இருந்தது. யுவஸ்ரீயும் வந்தாள். ரூபன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"யாருங்க அந்தம்மா?"

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். அப்புறம் சொன்னான்.

"பாவாத்தாளுங்க. காங்கேயத்துல தேங்காய்க் களத்துல வேலை செஞ்சவங்க. போன வருசம் இதே பரீட்சை. இதே சர்க்கரைச் சீட்டு. நெஞ்சப் புடிச்சுட்டுத் துடிச்சாங்க. நல்லா நடிக்கிறாங்கன்னு பார்த்துட்டு இருந்தோம். எட்டு நிமிசம் முடிஞ்சு மணி அடிச்சுது. எல்லாரும் கை தட்டுனோமுங்க..."

"அப்புறம்?"

"அவங்க எந்திரிக்கலைங்க."

அதற்குப் பிறகுதான் சிவப்பு அட்டை வந்ததாம். அந்தம்மா வீட்டிலிருந்து வரும்போதே உடம்பு சரியில்லாமல்தான் வந்தார் என்று எழுதி, காலேஜ்காரர்கள் விஷயத்தை மூடிவிட்டார்களாம்.

"எந்தக் கட்டிலு?"

"நீங்க படுத்த கட்டிலுங்க. நாலாம் நம்பர்."

யுவஸ்ரீ என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரூபன் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினான். பொம்மையின் பேச்சுகள் வரிசையாக இருந்தன. பதினொன்று என்றுதானே சொன்னான். விரல் வைத்து எண்ணினேன். பன்னிரண்டு. கடைசிப் பேச்சுக்கு நேரே அந்தப் புதன்கிழமைத் தேதி. மணி 11:47.

"நான் பதியலைங்க. அன்னிக்குப் பொம்மைல கரண்டே இல்லை. இதை அழிச்சுபோடச் சொல்லி மேல இருந்து உத்தரவு. ரெண்டு நாளா அழிக்கறதுக்கும் கை வரலை... கேக்கறதுக்கும் தைரியம் வரலைங்க."

"அழிச்சுப் பாரு. நாளைக்கே கலெக்டர் ஆபீஸ் வாசல்ல போய் உக்காந்து என் வாயால சொல்லுவேன். அந்தம்மா பேரச் சொல்லுவேன், நாளச் சொல்லுவேன், கட்டில் நம்பரச் சொல்லுவேன். இப்ப அதைப் போடு."

"ஐயா, வேண்டாமுங்க..."

"போடு."

தட்டினான்.

முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் மணிச் சத்தம்.

அப்புறம்... கைதட்டல். நிறையப் பேர். சிரிப்பு.

அதற்கடியில், மூச்சுக்குத் திணறித் திணறி, மெதுவாக ஒரு குரல்.

"நானும் நடிக்கலைங்க..."