மோட்டார் எழும்பும்வரை பொறுத்த அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் என் அக்காவிடம் ஐஸ் வாங்கியவர்கள். அவர்களின் உழைப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் மகனுக்காக அவர்கள் செய்தது மட்டும் பலருக்குத் தெரியாது. அவர்கள் மறைந்து ஓராண்டு ஆன இந்த நாளில் அதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா ஆத்தூரில் வெற்றிலை வியாபாரக் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார்கள். மணமாகிக் கீழவைப்பார் வந்தார்கள். அத்தான் இளவயதில் காலமானபோது, மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் தரும் அவருடைய ஐஸ் பிளாண்டை விற்றுவிடலாம் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம்.

"வித்துட்டு உங்க வீட்டுல வந்து சோறு திங்கவா? போங்கலே," என்றார்கள்.

அம்மோனியா நெடியிலேயே நின்று இரண்டு பெண்பிள்ளைகளையும் படிக்க வைத்து, கட்டிக்கொடுத்தார்கள்.

எனக்கு இங்கே பள்ளியில் வேலை கிடைத்ததும், பிளாண்டை ஒட்டிய வீட்டை எங்களுக்குத் தந்தார்கள். இரண்டுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். என் மகனுக்கு அப்போது கடுமையான இளைப்பு. நெபுலைசர் வைத்தால்தான் மூச்சு சீராகும். ஒரு மாலை மாஸ்க் அவன் முகத்தில் இருக்கும்போதே விளக்கு மங்கியது. நெபுலைசர் முனகி நின்றது. கரண்ட் சரியான பிறகும் அது ஓடவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அக்காவும் கூடவே வந்து, அவன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். பிள்ளை பிழைத்தான்.

அந்த நேரத்தில்தான் பிளாண்டில் கம்ப்ரசர் மோட்டாரைப் போட்டிருந்தார்கள். நின்ற மோட்டார் எழும்பும்போது, ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். அதைக் குறைக்கத்தான் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இருந்தது. முதலில் ஸ்டாரில் மெதுவாக எழுப்பி, வேகம் பிடித்த பின் முழு மின்னழுத்தத்துக்கு, டெல்டாவுக்கு, மாற்றுவது அதன் வேலை; எப்போது மாற்றுவது என்பதை அதிலுள்ள டைமர் தீர்மானிக்கும். அது இருந்தும் ஏன் இப்படி என்று பார்க்க, மறுநாள் காலை அக்கா பேனல் அருகே நின்று மோட்டாரைப் போடச் சொன்னார்கள். மோட்டார் பாதி வேகம்கூடப் பிடிக்கவில்லை. அதற்குள் 'டக்' என்று டெல்டாவுக்கு மாறியது. விளக்குகள் மங்கின.

"ஏலே அந்தோணி, டைமரைத் தொட்டியா?"

ஆபரேட்டர் அந்தோணி தலையைச் சொறிந்தார். "போட்டுக்காரங்க கேலி பண்ணுதாங்க அக்கா. மோட்டாரு புதுப்பொண்ணு கணக்கா அசைஞ்சு வருதாம். அதான் கொஞ்சம் குறைச்சு வச்சேன்."

"ஐஸ் உறைய ஒரு நாளு ஆவுது. மோட்டாரு எந்திரிக்கதுலயா நீ நேரம் மிச்சம் பிடிக்கே?"

ஐஸுக்கு நின்ற படகுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. "ஏலே, அது எந்தம்பி மவன் மூச்சு," என்றார்கள்.

அன்றே டைமரைச் சரியாக வைத்தார்கள். கம்ப்ரசரின் பாரத்தை இறக்கிவிட்டே மோட்டாரைப் போட வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார்கள். "சீக்கிரம் போடுங்க" என்று கத்திய எவருக்காகவும் அதை மாற்றவில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டில் புதிதாக வாங்கிய நெபுலைசர் இடையில் நின்றதில்லை.

சென்ற ஆண்டு ஒரு காலையில் அக்காவுக்கு நெஞ்சு வலித்தது. தூத்துக்குடி போகும் வழியிலேயே போய்விட்டார்கள். அழுகைக்கு நடுவிலும் எனக்குள் ஒரு பயம். அக்கா இல்லாத பிளாண்டில் அவசரத்துக்கு யார் தடை சொல்வார்கள்? அடக்கம் முடிந்ததும் மகனைக் கூட்டிக்கொண்டு ஆத்தூருக்கே போய்விடுவது என்று நானும் மனைவியும் முடிவு செய்து, பாத்திரங்களைக் கட்டத் தொடங்கினோம்.

அடக்கத்துக்கு மறுநாள் பிளாண்டை ஓட்டியாக வேண்டும். இல்லையென்றால் தொட்டியில் உள்ளது உருகிவிடும். அந்தோணி வாசலில் வந்து நின்றார். கட்டிய மூட்டைகளைப் பார்த்தார்.

"சார், பிள்ளைக்கு அந்த மூச்சு மிஷினைப் போட்டு விடுங்க. நான் அங்கன மோட்டாரைப் போடுதேன். இதுல சத்தம் மாறுச்சுன்னா ஒரு குரல் குடுங்க, நிறுத்திருதேன்."

போட்டோம். சுவருக்கு அப்பால் மோட்டார் மெல்ல மெல்ல எழும்பி முழு வேகத்துக்கு வந்தது. நெபுலைசர் ஒரே சீராக ஓடியது. மகன் மாஸ்க்குக்குள்ளிருந்தபடியே, "முடிஞ்சிச்சாப்பா?" என்று கேட்டான்.

அக்காவைத் தோளில் சுமந்த போட்டுக்காரர்களுக்கும், அடக்கத்தன்று ஐஸ் கேட்காமல் கரையிலேயே இருந்துவிட்டவர்களுக்கும், எங்களுக்குச் சோறு சமைத்துத் தந்த அண்டை வீட்டாருக்கும், ஆத்தூரிலிருந்து வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எல்லோரையும்விட அந்தோணிக்கு. அவர் வந்து மோட்டாரைப் போட்ட அன்று மாலையே மூட்டைகளை அவிழ்த்துவிட்டோம்.