உப்பில் முக்காத டின்

போன செவ்வாய்க்கிழமை டாக்டர் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் பதினான்கு பேர். மூன்று ஃபேன், அதில் ஓடுவது ஒன்று. சுவரில் ஒரு டிவி, சத்தம் இல்லாமல்.

டிவியில் ஏதோ குளிர் நாட்டு மீன் பண்ணை. நீளமான மேஜை, ரப்பர் கையுறை போட்ட நாலு பெண்கள். மயங்கிக் கிடக்கும் மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து, வயிற்றில் ஊசி போட்டு, ஒரு குழாய்க்குள் நழுவ விடுகிறார்கள். தொற்றுநோய் வராமல் இருக்கத் தடுப்பூசியாம், கீழே எழுத்து ஓடியது. ஒரு பெண் நிமிஷத்துக்கு எத்தனை மீனுக்குப் போடுகிறாள் என்று எண்ணினேன். பதினேழு.

பக்கத்து நாற்காலிக்காரர் முழங்கால் வலிக்காக முண்டியம்பாக்கத்திலிருந்து வந்தவர். “மீனுக்கு ஊசி போட நாலு பேரு நிக்கறாங்க. நமக்குப் போட கம்பவுண்டரு இன்னும் வந்த பாடில்ல, பாத்தீங்களா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். படி ஏறினால் படியை எண்ணுவேன். பஸ்ஸில் ஜன்னலை எண்ணுவேன். வீட்டில் திட்டு வாங்கியும் விடவில்லை. ஆனால் என் முதல் உத்தியோகமே மீன் எண்ணுவதுதான் என்பதை இதுவரை எழுதியதில்லை. எழுதக் கூச்சம்… கூச்சம் என்பது நானாக வைத்துக்கொண்ட மரியாதையான பெயர்.

யுத்த காலம். எனக்கு இருபத்து மூன்று வயது. திண்டிவனத்தில் மீன் குஞ்சு வளர்த்துக் கிராமங்களுக்குக் கொடுக்கும் ஒரு சிறிய ஆபீசில் கிளார்க். ஒரு அங்குலக் கெண்டைக் குஞ்சுகளை எண்ணி, மண்ணெண்ணெய் டின்களில் விட்டு, ரயிலில் விழுப்புரம் கொண்டுபோய், அங்கிருந்து மாட்டு வண்டியில் ஊர் ஊராகக் குளத்தில் சேர்க்க வேண்டும்.

அப்போது மீனுக்கு ஏது ஊசி? எங்களிடம் இருந்தது மரக்காணத்து உப்பு. குஞ்சுகளைக் குளத்தில் விடுவதற்கு முன் உப்புக் கரைத்த தண்ணீரில் முக்கி, முந்நூறு எண்ணும் வரை வைத்து எடுக்க வேண்டும். உடம்பில் ஒட்டிய பேன், புண், பூஞ்சை எல்லாம் அதோடு போகும். நோய்ப்பட்ட குஞ்சு அந்த உப்பைத் தாங்காமல் அங்கேயே செத்துவிடும். சாகட்டும், குளத்துக்குள் போய் மற்றதையும் கெடுப்பதைவிட அது மேல் என்பார் எங்கள் மேலதிகாரி. செத்ததை ரெஜிஸ்டரில் ‘இறப்பு’ என்ற கட்டத்தில் எழுத வேண்டும்.

அந்தக் கட்டம்தான் எனக்கு வினை. அந்த வருஷம் எங்கள் ஆபீசிலேயே இறப்பு குறைவாக இருந்தது என் டின்களில்தான். ஒரு நடைக்குப் பத்தைத் தாண்டியதில்லை. அதில் எனக்கு அப்படி ஒரு கர்வம்!

ஐப்பசியில் காணைக்குப் பக்கத்தில் ஒரு ஊருக்குக் குஞ்சு கொண்டுபோனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே மாடு குளிப்பாட்டும் குளம் ஒன்று. அதில் வலை போடும் உரிமை எப்போதும் ஊர்த் தெருக்காரர்களுக்குத்தான். சேரியில் இருந்த பதினோரு வீட்டுக்காரர்கள் வயலில் நண்டும் நத்தையும் பிடிக்கலாம். குளத்தில் வலையை நனைக்கக் கூடாது. எங்கள் மேலதிகாரி ஒரே பிடியாக நின்று அந்த வருஷ உரிமையைச் சேரியைச் சேர்ந்த அந்தோணிக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். மணியக்காரர், அதாவது கிராம அதிகாரி, ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். மீன் நன்றாக வந்தால் அடுத்த வருஷமும் சேரிக்கே. வராவிட்டால் பழையபடி.

அந்தோணிக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் அவரை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைச் ‘சாமி’ என்றார். அன்றைக்கு அது யாருக்கும் தப்பாகப் படவில்லை.

விழுப்புரம் ஸ்டேஷனுக்கு வண்டியோடு வந்திருந்தார். ஆறு டின். டின்னுக்கு முந்நூறு. மொத்தம் ஆயிரத்து எண்ணூறு. தண்ணீர் அசையாமல் இருந்தால் குஞ்சு மூச்சு முட்டிச் சாகும் என்று நான் சொன்னதும், வழி நெடுக ஒவ்வொரு டின்னிலும் கையை விட்டுத் தண்ணீரைத் தட்டிக்கொண்டே வந்தார். மூன்று மணி நேரம்! தன் பெண்சாதி சவுரியம்மா பத்து நாளாக வலை பின்னுவதையும், பின்னி முடிப்பதற்குள் எந்த வீட்டுக்கு எந்த மீன் என்று சேரிப் பெண்கள் சண்டை பிடிப்பதையும் சொல்லிச் சிரித்தார்.

குளக்கரையில் இறக்கி வைத்தோம். மூன்று டின் ஆயிற்று. உப்பில் முக்கினேன், எண்ணினேன், விட்டேன். இறப்பு ஏழு.

நாலாவது டின்னைத் திறந்ததும் அந்தோணி என் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்.

“சாமி, இது சரியில்லீங்க. பாருங்க, டின்னு ஓரத்துல ஒடம்ப தேச்சிக்கினு போவுது. வாலாண்ட செவப்பு இருக்குது.”

குனிந்து பார்த்தேன். உண்மைதான். முக்கினால் பாதிக்கு மேல் சாகும் என்பதும் தெரிந்தது. பாதி என்றால் நூற்றைம்பது. ‘இறப்பு’க் கட்டத்தில் நூற்றைம்பதா? என் கையெழுத்திலா?

“இந்த டின்ன மட்டும் கரையில குழி தோண்டி ஊத்திடலாங்க. மிச்சம் அஞ்சு டின்னு போதும் எனக்கு” என்றார்.

“உனக்குப் போதும். எனக்குக் கணக்கு?” என்றேன்.

அவர் டின்னை விட்டு ஓரடி தள்ளி நின்றார். “சீக்காளிய இட்டாந்து கல்யாணப் பந்தியில உக்கார வெச்ச மாதிரி ஆயிடுங்க சாமி” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் டின்னைத் தொடவில்லை.

நானே தூக்கினேன். உப்பில் முக்காமல் அப்படியே குளத்தில் ஊற்றினேன். மற்ற இரண்டு டின்னையும் முறைப்படி முக்கி விட்டேன். ரெஜிஸ்டரில் எழுதினேன்: ஆறு டின், அனைத்தும் உப்பில் முக்கி விடப்பட்டது, இறப்பு ஒன்பது.

தை மாதம் ஆள் வந்தது. மீன் மிதக்கிறதாம்.

போனேன். கரை ஓரம் முழுக்க வெள்ளை வெள்ளையாக… ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். உடம்பெல்லாம் சிவப்புப் புண். எண்ண ஆரம்பித்தேன், பழக்கதோஷம். நானூறு வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். சவுரியம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று செத்ததைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். வலை வேலி மேல் கிடந்தது. ஒரு தடவைகூட நனையவில்லை.

புளியமரத்தடியில் ஊர் கூடியிருந்தது. நோய் என்று யாரும் பேசவில்லை. கை என்றுதான் பேசினார்கள். ஸ்டேஷனிலிருந்து ஊர் வரைக்கும் டின்னுக்குள் யார் கை கிடந்தது என்று ஒருவர் கேட்டார். அந்தக் கை பட்ட தண்ணீர் வேறெப்படி இருக்கும் என்றார் இன்னொருவர். இனி அந்தத் தண்ணீரில் மாட்டைக் குளிப்பாட்டலாமா என்றுகூட ஒரு சந்தேகம் கிளம்பியது.

மணியக்காரர் அந்தோணியைப் பார்த்து, “நீ என்னடா சொல்ற?” என்றார்.

அந்தோணி துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றிருந்தார். நாலாவது டின் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சர்க்கார் ஆளைக் காட்டிக்கொடுத்தால் பிறகு எந்தச் சேரிக்கும் குஞ்சு வராது என்று பயந்தாரா? இல்லை, நானே சொல்வேன் என்று நம்பினாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

“கிளார்க்கு சாமி கூடவே இருந்தாருங்க. அவருக்குத் தெரியும்” என்றார்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

நான் என்ன செய்தேன்? ரெஜிஸ்டரைத் திறந்தேன். படித்தேன். ஆறு டின். அனைத்தும் உப்பில் முக்கி விடப்பட்டது. இறப்பு ஒன்பது.

“அப்போ குஞ்சு மேல கொறை இல்ல” என்றார் மணியக்காரர். அவ்வளவுதான். குளம் ஊர்த் தெருவுக்குத் திரும்பிப் போயிற்று. அந்தோணி துண்டை உதறித் தோளில் போடாமல், கக்கத்தில் வைத்தபடியே நடந்து போனார்.

நாமெல்லாம் பொய் சொல்வதற்குப் பயப்படுகிறோம். எழுதி வைத்ததைப் படிக்கச் சொன்னால் பயமே வருவதில்லை. கவனித்திருக்கிறீர்களா?

அடுத்த ஐப்பசியில் அதே ஊருக்கு மறுபடியும் போனேன். இந்தத் தடவை ஒவ்வொரு டின்னையும் முக்கினேன். முந்நூறு வரை எண்ணினேன். தேய்த்துக்கொண்டு நீந்திய டின் ஒன்றை முழுசாகக் குழியில் கொட்டினேன். இறப்பு முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன். மேலதிகாரி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவுதானா, இதற்கா பயந்தேன் என்று ஆபீசை விட்டு வரும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அதே நடையில், ஊரிலிருந்து திரும்பும் வழியில் அந்தோணியைப் பார்த்தேன். யாருடைய கரும்புத் தோட்டத்திலோ கட்டுச் சுமந்துகொண்டிருந்தார். வண்டியை நிறுத்தினேன். அவர்தான் கேட்டார்.

“இப்பல்லாம் அத்தினி டின்னையும் முக்கறீங்களா சாமி?”

“முக்குகிறேன்.”

“நல்லதுங்க” என்றார். கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருஷம் குளத்தில் மீன் முழங்கை நீளம் வளர்ந்தது. மணியக்காரருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். எனக்கு மோர் கொடுத்து உபசரித்தார். “பாத்தீங்களா சார், கை மாறினதும் மீனு எப்படி நிக்குதுன்னு?” என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மோரைக் குடித்தேன்.

அதன்பின் ஆறு வருஷம் அந்த ஊருக்குக் குஞ்சு கொண்டுபோனேன். ஆறு வருஷமும் ஒரு பிழை இல்லாமல் வேலை செய்தேன். ஒரு மீன்கூட நோயில் சாகவில்லை.

ஆறு வருஷமும் அதுவே அந்தோணியின் கைக்கு எதிரான சாட்சி.