ஃபிளோராவின் மூன்றாவது டிவி

"துறைமுகம் வேண்டாம் தம்பி. காடு இருக்கு, கோட்ட இருக்கு. அங்கன போயி அடிச்சிக்கிடுங்க" என்று சொல்லிக்கொண்டே அம்பலவாணனின் கையிலிருந்த கண்ட்ரோலரை வாங்கித் திரையில் களத்தை மாற்றினாள் ஃபிளோரா. கைக்குட்டையால் அதை ஒரு துடை துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். யார் கை பட்டாலும் துடைப்பாள். வியர்வை உள்ளே இறங்கினால் பொத்தான் ஒட்டிக்கொள்ளும்.

பாளையங்கோட்டையில் அவள் நடத்தும் கேம் சென்டரில் மூன்று டிவிகள். வருகிற எல்லோருக்கும் ஒரே சண்டை விளையாட்டுதான் வேண்டும். வெவ்வேறு விளையாட்டுகளின் நாயகர்கள் அதில் ஒரே மேடைக்கு வந்து மோதுவார்கள். மேடையை விட்டு விழுந்தவன் தோற்றான். அவர்களுடைய பேரெல்லாம் அவள் வாயில் நுழையாது. வாள்காரி, கரடி, இரும்பு மண்டையன் என்று அவள் வைத்ததுதான் அந்தக் கடையில் பேர். அவள் ஒரு நாளும் ஆடியதில்லை.

துறைமுகக் களத்தில் பின்னால் ஒருவன் மஞ்சள் சட்டையோடு உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருப்பான். அவனை யாரும் எடுத்து ஆட முடியாது. அதனால் யாரும் அடிக்கவும் முடியாது. பக்கத்தில் தீ பறந்தாலும் தலை நிமிர மாட்டான். கணவர் மரிய அந்தோணி கடலில் இருக்கும் நாளெல்லாம் மூன்றாவது டிவியில் அந்தக் களம் சும்மா ஓடும். அதன் முன்னால் நாற்காலி போட மாட்டாள்.

"கரண்டு வீணாப் போவுதேக்கா" என்பான் அம்பலவாணன். வங்கி வேலை முடிந்ததும் டையைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு வருகிறவன்.

"ஒங்க பேங்கா கட்டுது?"

மரிய அந்தோணி உவரிக்காரர். போட் எஞ்சின் பழுது பார்த்துக்கொண்டு கரையிலேயே இருந்தவர். இந்த வருஷம் கொச்சியில் ஒரு போட்டுக்கு ஓட்டுநர் வரவில்லை, அவரை ஏற்றிவிட்டார்கள்.

அன்று காற்று எச்சரிக்கை. மற்ற போட்டுகள் கரை சேர்ந்துவிட்டன. அவர் போட்டின் வயர்லெஸ் பேசவில்லை. நாத்தனார் லூசி போன் செய்தபோது ஃபிளோரா கடை வாசலுக்குப் போய்ப் பேசினாள். "அண்ணன் வந்துருவாவ மைனி. நீங்க பதறாதீங்க" என்ற லூசியின் குரலே பதறியது.

உள்ளிருந்து அம்பலவாணன் கூப்பிட்டான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. "அக்கா, இங்கன வாங்க! கேம்ல புதுசா ஏத்தியிருக்கான். ஒங்க ஆளையும் இனிமே எடுத்து ஆடலாம்!"

மூன்றாவது டிவியில் மஞ்சள் சட்டைக்காரன் மேடையில் நின்றான். எதிரே கரடி. பின்னால் அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் வலை மட்டும் கிடந்தது.

"ஏலே, அவர எதுக்கு இறக்குன? அவரு பாட்டுக்குக் கரையில இருந்தாரு."

"வெளயாட்டுதானக்கா..."

"பழைய எடத்துல கொண்டு உக்கார வையி."

"அந்தப் பக்கம் நெட்டுல வேற ஊர்க்காரன் ஆடுதான். நிறுத்துனா நான் தோத்ததாப் போட்டுருவான்."

"அப்ப செயிச்சிரு. தண்ணில மட்டும் விழ விட்டுராத தம்பி. மாதாவ நெனச்சி ஆடு."

சிரிக்கப் போனவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். கவனமாகத்தான் ஆடினான். கரடி மஞ்சள் சட்டைக்காரனை விளிம்புக்குத் தள்ளியது. குதிக்க வேண்டிய நேரத்தில் பொத்தான் ஒட்டிக்கொண்டது. யாரும் தொடாததால் அவள் துடைக்காமலே விட்டு, தூசி இறங்கியிருந்த கண்ட்ரோலர் அது.

மஞ்சள் சட்டை தண்ணீரில் ஒரு தடவை மேலே வந்தது. பிறகு வரவில்லை.

மறுநாள் நல்ல வெயில். கடையை வழக்கமான நேரத்தில் திறந்தாள். கொச்சியிலிருந்து தகவல் இல்லை. மூன்றாவது டிவியில் மஞ்சள் சட்டைக்காரன் பின்னால் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தான். முன்னால் அவள் எடுத்து நிறுத்திய வாள்காரியும் இரும்பு மண்டையனும் அசையாமல் நின்றார்கள். டிவியின் எதிரே நாற்காலி போட்டு ஃபிளோரா உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்ட்ரோலர்களும் மடியில். மேசைமேல் போன் அடித்தது. அவள் திரும்பவில்லை. பொத்தான்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.