பாலையாவின் கேள்வி

திருப்பதி பக்கம் ஏர்பேட்டுக்கு அடுத்த காலனியில் செங்கம்மாவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. களை பறிக்கும் கூலிக்காரிதான். ஆனால் தமிழோ தெலுங்கோ, எந்த அதிகாரி எதிரில் நின்றாலும் விளாசிவிடுவாள். புருஷன் போனபின் அந்த வாயை வைத்துத்தான் மகன் தனசேகரை ஆளாக்கினாள்.

அவன் மற்ற பையன்களைப் போல வேலை தேடி ஸ்ரீபெரும்புதூருக்கு மூட்டை கட்டிய சமயம். ரசாயனக் கம்பெனி ஒன்று வரப்போகிறது, சட்டப்படி ஜனங்களின் கருத்தைக் கேட்கவேண்டும் என்று ஊரில் ஷாமியானா போட்டார்கள். அதே காலனிக்காரன் பாலையா எழுந்தான்.

"உள்ள இன்னா கேஸ் வெக்கப்போறீங்க? லீக் ஆச்சுன்னா நாங்க இன்னா பண்ணணும்?"

அதிகாரி வாய் திறக்குமுன் செங்கம்மா பாய்ந்தாள்.

"நீ உக்காருய்யா. வர்ற வேலைய கெடுக்காத. எம்புள்ள ஊர வுட்டுப் போவக்கூடாது."

கூட்டம் கைதட்டியது. அதிகாரிகளுக்கு வேறென்ன வேண்டும்? கேள்வி அமுங்கிப்போனது.

தனசேகருக்கு அந்தக் கம்பெனியிலேயே வேலை கிடைத்தது. மகன் வீட்டுச் சோறு தின்று வேலைக்குப் போவதைப் பார்த்து அவள் பூரித்துப்போனாள், பாவம். ஒரு மத்தியானம் குழாய் வெடித்துப் புகை கிளம்பியது. உள்ளே மாட்டிக்கொண்ட தனசேகர் மதிலேறிக் குதித்தான். கால் முறிந்தது, லேசாக இருமினான். எலும்பு முறிந்தால் அந்தப் பக்கத்தில் வேறெங்கே போவார்கள்? ஆட்டோ நேரே எலும்புக்கட்டுக்குப் பேர்போன புத்தூருக்குப் போனது.

கட்டு அருமையாகத்தான் போட்டார்கள். போட்டவரே சொன்னார்: "பையன் இருமிக்கினே கீறான், திருப்பதி பெரியாஸ்பத்திரிக்கு இட்னு போம்மா."

"அது புகைங்க. காலு கூடுனா எல்லாம் சரியாப்பூடும்" என்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

அந்தப் புகை நெஞ்சில் இறங்கினால், ஆள் நன்றாக இருப்பதுபோல் இருந்து பிறகுதான் சாய்வான் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? சொல்லவேண்டியவர்களின் வாயை அவளே அல்லவா அன்றைக்கு அடைத்தாள்! விடிவதற்குள் தனசேகர் மூச்சுத் திணறிச் செத்தான். காலில் கட்டு அப்படியே இருந்தது.

போன மாதம் மறுபடியும் ஷாமியானா. கம்பெனியைப் பெரிதாக்கப் போகிறார்களாம். செங்கம்மா எழுந்து, பாலையாவின் கேள்வியை ஒரு சொல் மாறாமல் கேட்டாள். அதிகாரி மைக்கைக் கையில் எடுத்தார்.

பின்னாலிருந்து லட்சுமம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். தனசேகர் பார்த்த வேலையில் இப்போது இருப்பது லட்சுமம்மாவின் மகன்.

"உக்காருக்கா. எம்புள்ள ஊர வுட்டுப் போவக்கூடாது."

செங்கம்மா உட்காரவில்லை. கூட்டம் லட்சுமம்மாவுக்குக் கைதட்டியது.