டெல்ஃபின் சொல்லாத முகவரி

என் நாத்தனார் டெல்ஃபின் மொரிசோவிடம் வீடு எங்கே என்று கேட்டால், "தூண்டில் கடையைத் தாண்டி, அடுத்த வளைவு, நாய் குரைக்கிற வீடு" என்பாள். சாலையின் பெயரைச் சொல்லவே மாட்டாள். அதனால் அவள் வீட்டுக்கு பீட்சா எப்போதும் ஆறித்தான் வரும்.

அந்தச் சாலைக்கும் ஏரிக்கும் வெள்ளைக்காரர்கள் வைத்த பெயரில், அமெரிக்கப் பூர்வகுடிகளான எங்கள் ஓஜிப்வே பெண்களை இழிவாகக் கூப்பிட அவர்கள் பயன்படுத்தும் சொல் இருக்கிறது. நானும் அதை இங்கே எழுதப்போவதில்லை. ஆயுள் முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டிய டெல்ஃபின் அதை பெட்ரோல் பங்கில் கேட்டிருக்கிறாள், மதுக்கடை வாசலில் கேட்டிருக்கிறாள். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது திரைக்கு அந்தப் பக்கமிருந்தும் கேட்டாள். அம்மாவின் கல்லறைக்குப் போகும் வழியில் அந்தப் பெயர்ப்பலகை நிற்கக் கூடாது என்று அடக்கம் செய்த அன்றே பிடிவாதம் பிடித்துவிட்டாள்.

பெயரை மாற்றலாமா என்று மாவட்ட மன்றம் கூட்டம் போட்டது. முதலில் பேசியவர் எக்கர்ட், ஓய்வு பெற்ற ஆசிரியர். கெட்ட மனிதர் இல்லை, எரிச்சலே அதுதான்.

"அது வசைச் சொல்லே இல்லைங்க. கிழக்குப் பக்கம் உங்க உறவு மொழி ஒண்ணுல அதுக்குப் பெண்ணுன்னுதான் அர்த்தம். நீங்க பெண்ணை 'இக்வே'ன்னு சொல்றீங்களே, அதுவும் இதுவும் ஒரே குடும்பம். வேரைப் பாருங்க, கோபம் போயிடும்."

பாதி அரங்கம் தலையாட்டியது.

அடுத்து டெல்ஃபின். எங்கள் வழக்கப்படி பேசுவதற்கு முன் எங்கள் மொழியில் தன் பெயரைச் சொன்னாள், கரடிக் குலம் என்றாள், ஏரியைப் பழைய பெயரால் சொல்லி அதன் கரையிலிருந்து வருகிறேன் என்றாள்.

மன்றத் தலைவன் ஹால்வர் லின்ட், ஒரு காலத்தில் அவள் பேருந்தில் வாந்தி எடுத்த பையன், மைக்கைப் பிடித்தான். "மிஸஸ் மொரிசோ, பதிவுக்கு உங்க முகவரி வேணும். அரசாங்கப் பதிவுல இருக்கிற மாதிரி."

"தூண்டில் கடையைத் தாண்டி..."

எங்கள் வரிசை சிரித்தது.

"சாலைப் பேர் சொல்லாம யாரும் பேசக் கூடாதுங்க. விதி."

நான் அவள் சட்டையை இழுத்தேன். "சொல்லித் தொலைடி. ஒரு தடவைதானே? பேசாமலே திரும்பிப் போகவா வந்தோம்?"

"நீ சும்மா இரு."

எக்கர்ட் பக்கம் திரும்பினாள். "சார், நல்ல குடும்பத்துல பொறந்த சொல்லுன்னீங்க. நம்புறேன். எங்க சொந்தத்தை எங்க வீட்டுலருந்து இழுத்துட்டுப் போய், அடியாளா வளர்த்து, எங்க மேலயே ஏவி விட்டது யாரு? வேரைத் தோண்டினவரு அங்க ஏன் நிறுத்திட்டீங்க?"

எக்கர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மிஸஸ் மொரிசோ, முகவரி..." என்றான் ஹால்வர்.

"உன் முன்னாடி காகிதத்துல இருக்குல்ல? நல்ல சொல்லுன்னு இவ்வளவு நேரம் கேட்டியே. என் மூஞ்சியைப் பார்த்து நீயே சொல்லு ஹால்வர். நீ சொன்னா, ஆமா, அதுதான் என் முகவரின்னு நானும் ஒத்துக்கிறேன்."

அவன் காகிதத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வாய் திறந்தது. காது வரை சிவந்துவிட்டான்.

"சொல்லுப்பா. நான் எங்கயும் போகல."

"முடியலைங்க," என்றான் ஹால்வர். மைக் அதை அரங்கம் முழுக்கச் சொன்னது.

டெல்ஃபின் பதிவெழுதும் பெண்ணிடம் குனிந்தாள்.

"அதை எழுதிக்கோம்மா. நான் பேச வந்தது அதுதான்."