அத்தைக்குக் கோபமூட்டிய உத்தியோகம்

காக்ஸ் டவுனில் நான் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஜிம்மில், "மொதல்ல வெயிட்டை மனசுல தூக்குங்க சார், அப்புறம் கையில" என்கிறார் டிரெய்னர். நானும் மனதில் தூக்கிவிட்டு அப்படியே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். மனதைத் தயார் செய்யும் கலையில் நான் சிறுவயதிலேயே உத்தியோகம் பார்த்தவன் என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

அப்போது ஒக்கலிபுரத்தில் இருந்தோம். அப்பாவின் தங்கை, என் அத்தை, பளு தூக்குவாள். தூக்குவதற்கு முன் சிலர், எடை மாட்டிய பார் முன்னால் நின்று கண்ணை மூடிக் கும்பிடுவார்கள். சிலர் தங்கள் கன்னத்தில் தாங்களே அறைந்துகொள்வார்கள். அத்தைக்குக் கோபம் வந்தால்தான் பார் எழும். அந்தக் கோபத்தை வரவழைப்பது என் பொறுப்பு. வீட்டில் அடி வாங்கித் தந்த வாய், பயிற்சிக்கூடத்தில் முட்டை பப்ஸ் வாங்கித் தந்தது. "எரும, ஒரு கொடம் தண்ணி தூக்குவியா நீ?" என்பேன். மூக்கு விடைக்கும், பார் எழும்.

மாநிலப் போட்டி வந்தது. ஜெயித்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. முதல் இரண்டு முறையும் பார் தலைக்கு மேல் நிற்கவில்லை. மிச்சம் ஒரே வாய்ப்பு. மேடைக்குப் பின்னால் எருமை, பன்றி, தடிமாடு என்று என் கையிருப்பு முழுவதையும் கொட்டினேன். அத்தை சிரித்துவிட்டாள்.

"எல்லாம் பழசுடா. வேற சொல்லு."

"வேற தெரியாது அத்தே."

கையில் சாக் பவுடரைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "நான் இல்லாதப்போ வூட்ல என்னைப் பத்தி இன்னா பேசிக்கிறாங்க? அதைச் சொல்லு."

அட, இது சுலபம். அப்பாவின் குரலிலேயே சொன்னேன்: "இவ தோளைப் பாத்துட்டுத்தான் மாப்ள வூட்டுக்காரங்க ஓடிட்டாங்க. இனிமே எவன் வருவான்? காலத்துக்கும் என் தலைலதான்." அதற்கு அம்மா உச்சுக்கொட்டியதையும் விடாமல் செய்துகாட்டினேன்.

அத்தைக்கு மூக்கு விடைக்கவில்லை. நேராக மேடையேறினாள். பார் ஒரே வீச்சில் தலைக்கு மேல் போய் நின்றது. நடுவர் இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் இறக்கவில்லை. கைதட்டல்கூட ஓய்ந்துவிட்டது. "சாக்கு, கெளகிடம்மா!" போதும், கீழே வை என்று அவளுடைய கோச் கன்னடத்தில் கெஞ்சினார். அத்தை அசையவில்லை. கன்னமெல்லாம் நனைந்திருக்க, அப்படியே நின்றாள்.

நான் அதை வியர்வை என்று நினைத்தேன். போட்டோவுக்காகத்தான் இவ்வளவு நேரம் நிற்கிறாள் என்றும் நினைத்தேன். படத்தில் நானும் விழவேண்டுமே என்று மேடையோரம் ஓடிப்போய், எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேன்.