எக்ஸ்ரே அக்கா எடுத்த முகம்

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. அதில் இருபத்தோரு வருடங்களை ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில், ஈயத் தகடு பதித்த கனமான கதவுக்குப் பின்னால் கழித்திருந்தாள். வெளியே மழையா வெயிலா என்பதை உள்ளே வருகிறவர்களின் குடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். "நேரா நில்லுங்க. தாடையைத் தூக்குங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. சரி, விடுங்க." இதை ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை சொல்வாள். தூக்கத்திலும் சொல்கிறாள் என்று கணவர் சத்தியம் செய்வார். அவர் லிஃப்ட் மெக்கானிக். "நான் மேலயும் கீழயும் போறவன், இவ உள்ள போறவ" என்பது புதிதாக யார் வீட்டுக்கு வந்தாலும் அவர் எடுத்து விடும் ஜோக்.

ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்தில் நின்றவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னைத் தெரியலையா மேடம்? நாலு தடவை வந்திருக்கேன்."

அவளுக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. அவர் சட்டைக் காலரை விலக்கி இடது பக்கக் காறை எலும்பைத் தொட்டுக் காட்டினார். "ஓ, நீங்களா" என்று அவள் வாயிலிருந்து தன்னால் வந்துவிட்டது. முறிந்து கூடிய இடத்தில் ஒரு சின்ன மேடு. அந்த மேட்டை அவளால் கண்ணை மூடிக்கொண்டு வரைய முடியும். முகம்தான் புதிதாக இருந்தது. அவர் இறங்கிப் போன பிறகு அந்த முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். அப்போதும் எலும்புதான் வந்தது.

அது அவளை என்னவோ செய்தது. இத்தனை வருடத்தில் எத்தனை ஆயிரம் பேர் தன் முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றிருப்பார்கள், ஒருவரையாவது பார்த்தேனா என்று யோசித்தபடியே அன்று சமைத்தாள். சோறு குழைந்து போனது. அடுத்த வாரம் பீரோவைத் திறந்து, தம்பி கப்பல் வேலைக்குப் போகும்போது "வச்சிரு, வந்து வாங்கிக்கிறேன்" என்று கொடுத்துவிட்டுப் போன கேமராவை எடுத்தாள். ஒரு போட்டோ வகுப்பில் சேர்ந்தாள்.

வகுப்பு ஒரு மெத்தைக் கடைக்கு மேல் மாடியில் நடந்தது. படிக்கட்டு முழுவதும் புதுப் பஞ்சின் வாசனை. சனி, ஞாயிறு காலைகளில், ஆறு மாதம். ஒன்பது மாணவர்களில் எட்டுப் பேருக்கு இருபது, இருபத்தோரு வயது. சொல்லிக்கொடுத்தவளுக்கும் வயது முப்பதைத் தாண்டவில்லை. பத்திரிகையில் படம் எடுத்துக்கொண்டிருந்துவிட்டு வந்தவள். அவள் இவளை "அக்கா" என்றாள், இவள் அவளை "மிஸ்" என்றாள். மூன்றாவது வாரத்திற்குள் மொத்த வகுப்புக்கும் இவள் எக்ஸ்ரே அக்கா ஆகிவிட்டாள்.

முதல் முகப்படப் பயிற்சி அந்த வாரம்தான். ஜன்னலில் ஒரு வெள்ளைத் திரை, அதன் பக்கத்தில் முதுகு இல்லாத ஒரு ஸ்டூல். ஒருவர் உட்கார வேண்டும், மற்றவர்கள் மாறி மாறி எடுக்க வேண்டும். திரை வழியாக வந்த வெளிச்சம் பால் மாதிரி இருந்தது. அதில் உட்கார்ந்த யாருக்கும் கன்னத்தில் ஒரு மென்மை வந்துவிட்டது. இவள் முறை வந்ததும் கேமராவைத் தூக்கினாள். பழக்க தோஷம். "தாடையைத் தூக்குங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க." உட்கார்ந்திருந்த பையன் சொன்னபடி செய்தான். மாடி முழுக்கச் சிரிப்பு.

எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்த மிஸ் சிரிக்கவில்லை.

"அக்கா, வெளிச்சம் எல்லாம் கச்சிதமா இருக்கு. ஆனா இவங்க எல்லாரும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்காங்க."

"மாத்திச் சொல்லப் பாக்குறேன் மிஸ், வாயில வேற வார்த்தையே வர மாட்டேங்குது."

"அதையே சொல்லுங்க. ஆனா 'பிடிங்க'ல எடுக்காதீங்க. 'விடுங்க'ன்னு சொல்லிட்டு, சும்மா கொஞ்ச நேரம் பாத்துட்டு இருங்க."

அவள் அப்படியே செய்தாள். ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்கள்: மெத்தைக் கடைக்காரர், தபால்காரர், மிஸ்ஸின் பக்கத்து வீட்டு நர்ஸ். மூச்சை விட்ட பிறகு மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்று அவள் முதல் முறையாகக் கவனித்தாள். தோள் ஒரு விரல்கடை இறங்கும். வாயைச் சுற்றி இருந்த கட்டு அவிழும். பிறகு, எடுத்தாகிவிட்டது என்று நினைத்து அவர்கள் கேமராவை மறந்த ஒரு நொடியில், அதுவரை உள்ளே எங்கோ இருந்தவர் மெதுவாக வந்து முகத்தில் உட்காருவார். தபால்காரருக்கு அந்த ஆள் வர ஏழு நிமிடம் ஆனது. மெத்தைக் கடைக்காரருக்கு வரவே இல்லை. அவர் நடுவில் வியாபாரத்துக்குப் போய்விட்டார்.

வீட்டில் அவளும் கணவரும் தவிர மூன்றாவதாக ஓர் ஆள் உண்டு: கணவரின் அக்கா, இவளுக்கு அண்ணி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பத்தோரு வயது. பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கும் கூடத்தில் துணி வெட்டும் பிரிவுக்குத் தலைமை. இவள் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து பதினெட்டு வருடங்களாக அண்ணி மாடி அறையில்தான் இருந்தாள். இறுக்கிப் போட்ட கொண்டை, கயிறு கட்டிய தடித்த மூக்குக் கண்ணாடி, காலரில் எப்போதும் குத்தியிருக்கும் ரெண்டு குண்டூசி. இருவருக்கும் சண்டை என்று ஒரு நாளும் வந்ததில்லை. பேச்சு என்றும் பெரிதாக எதுவும் இல்லை. "உப்பு தீர்ந்துபோச்சு", "கரண்ட் பில் வந்திருக்கு", "நாளைக்குத் தண்ணி வராதாம்." பதினெட்டு வருடத்தை இந்த மூன்று வாக்கியங்களில் ஓட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அண்ணி விடியுமுன் கிளம்பிவிடுவாள். தையல் கூடத்தில் கூடுதல் வேலை என்பாள். "ஞாயித்துக்கிழமைகூட என் அக்காவை விட மாட்டேங்கறானுங்க" என்று கணவர் அந்தக் கூடத்து முதலாளியைத் திட்டாத வாரம் இல்லை.

வீட்டுப் பாடத்துக்காக இவள் ஒரு முறை மாடிக்குப் போய்க் கேட்டாள். "அண்ணி, ஒரு பத்து நிமிஷம் ஜன்னல் பக்கத்துல உக்காருறீங்களா?"

அண்ணி நிமிரவில்லை. "என் மூஞ்சியில என்ன இருக்கு? வேணும்னா எலும்பை எடுத்துக்கோ."

நான்காவது மாதத்தில் வெளியே கூட்டிப்போனார்கள். காய்கறிச் சந்தைக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அந்த ஞாயிறு அதிகாலையில் பஸ் நிறுத்தத்தில் கூடியபோது எதிர்ச் சாரி தெரியாத அளவுக்குப் பனி இறங்கியிருந்தது. மிஸ் வானத்தைப் பார்த்தாள், கையை நீட்டிப் பார்த்தாள். "சந்தை எங்கேயும் ஓடிடாது. ஆத்துக்குப் போகலாம்" என்றாள். பத்துப் பேரும் நடந்து போய் அக்கரைக்குப் போகும் முதல் மோட்டார் படகில் ஏறினார்கள்.

படகு கரையை விட்டதும் கரை இல்லாமல் போனது. கொஞ்ச நேரத்தில் ஆறும் இல்லை. கீழே தண்ணீர் இருக்கிறது என்பதற்கு எஞ்சினின் துடிப்பும், எப்போதாவது பலகையில் வந்து மோதும் சலக் என்ற சத்தமும்தான் அடையாளம். படகின் ஒரு முனையிலிருந்து பார்த்தால் மறுமுனையில் உட்கார்ந்திருந்தவர்கள் பென்சிலால் வரைந்து பாதி அழித்த மாதிரி இருந்தார்கள். வகுப்புப் பிள்ளைகள் எதையாவது எடுக்கும் அவசரத்தில் அங்குமிங்கும் அலைந்தார்கள். அவளுக்கு எடுக்கத் தோன்றவில்லை. எஞ்சின் அறையின் சூடான சுவரில் சாய்ந்து நின்றாள். தான் விழித்திருக்கிறோமா என்றே ஒரு கணம் சந்தேகம் வந்தது. பனி உதட்டில் பட்டு இனித்தது போல் இருந்தது.

பிறகு எதற்கோ கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

முன்பக்கக் கம்பியோரம் ஒரு பெண் தனியாக நின்றுகொண்டிருந்தாள். கூந்தலை அவிழ்த்துவிட்டிருந்தாள், பாதி நரைத்த கூந்தல், பனியில் எது முடி எது காற்று என்று பிரிக்க முடியவில்லை. கண் மூடியிருந்தது. முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, யாருக்கும் இல்லாத ஒரு சிரிப்போடு நின்றாள். யாரம்மா இவள், இவ்வளவு அழகாக இருக்கிறாளே என்று நினைத்தபடி அவள் பொத்தானை அழுத்தினாள். யாரும் 'விடுங்க' என்று சொல்லாமலே எல்லாவற்றையும் விட்டுவிட்டு நின்ற முகம் அது. இன்னொரு முறை அழுத்தினாள். மூன்றாவது முறை அழுத்தப் போனபோது அந்தப் பெண்ணின் கழுத்தில் கயிற்றில் தொங்கிய மூக்குக் கண்ணாடி கண்ணில் பட்டது. காலரில் ரெண்டு குண்டூசி.

கேமராவை இறக்கினாள். எஞ்சின் அறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் சாப்பிட்டவளை அடையாளம் தெரியவில்லை. தெரியாதபோதுதான் அழகாகத் தெரிந்தாள்.

அக்கரையில் வகுப்பு இறங்கியது. அண்ணி இறங்கவில்லை. படகு திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டே, கரையில் நின்ற டிக்கெட்காரரிடம் இவள் கேட்டாள். "அந்தம்மா ஏன் இறங்கல?"

"அவங்க இறங்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமையானா வருவாங்க, ரெண்டு ரவுண்டு போவாங்க, போயிடுவாங்க. நான் இந்த வேலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடியும் உண்டாம்."

அடுத்த சனிக்கிழமை மிஸ் அந்தப் படத்தை நீண்ட நேரம் பார்த்தாள். "கடைசி மாசம் கண்காட்சிக்குச் சுவர்ல மாட்டுறோமே, அதுல நடுவுல இதுதான்" என்றாள். பிறகு, "இவங்ககிட்ட கேட்டீங்களா அக்கா?" என்றாள்.

"இல்ல மிஸ்."

"கேக்காம மாட்ட முடியாது."

கேட்பதென்றால், பார்த்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அண்ணியின் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். சொல்லாமல் இருந்தால் அவளை அவளுக்கே தெரியாமல் திருடி வைத்திருப்பதாகும். மூன்று வாரம் இவள் இரண்டுக்கும் நடுவே கிடந்து புரண்டாள். கடைசியில் ஒரு மாலை, கணவர் வேலையிலிருந்து வருமுன், அச்சடித்த படத்தை ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு மாடிப் படி ஏறினாள்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்கு முன்னாடி ஒரு தப்பைச் சொல்லணும்."

அண்ணி உறையைப் பிரித்தாள். பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டே போனார்கள்.

"இது நானா?"

"நீங்கதான். எனக்கே முதல்ல தெரியல."

"தம்பிகிட்ட சொன்னியா?"

"இல்ல. சொல்லவும் மாட்டேன்."

அண்ணி படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். "வீட்டுலயும் கூப்பிடுறாங்க, கூடத்துலயும் கூப்பிடுறாங்க. அக்கா இது எங்க, மேடம் அது எங்கன்னு. அந்த நடு ஆத்துல மட்டும் யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. வேற ஒண்ணும் இல்லம்மா. ஆளு கீளு யாரும் இல்ல."

"நான் அப்படி நினைக்கல அண்ணி."

"நினைச்சிருப்ப. பரவால்ல."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் துணிந்து இவள், "அடுத்த ஞாயிறு நானும் வரட்டுமா?" என்று கேட்டுவிட்டாள்.

அண்ணி யோசித்தாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். "வேண்டாம்மா. நீ வேற கிழமையில போ. ஞாயித்துக்கிழமை என்னோடது." பிறகு உறையைத் திருப்பிக் கொடுத்தாள். "படத்தை மாட்டிக்கோ. எங்க எடுத்தன்னு எழுதாத. பேரும் போடாத. எனக்கு ஒண்ணு தனியா அடிச்சுக் குடு."

கண்காட்சி மெத்தைக் கடை மாடியிலேயே நடந்தது. ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டு, வெள்ளைத் திரையைக் கழற்றிவிட்டு, சுவர் முழுக்கப் படங்கள். கணவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அண்ணியும் வந்தாள், இறுக்கிய கொண்டையோடும் மூக்குக் கண்ணாடியோடும். கணவர் தபால்காரரைப் பாராட்டினார், நர்ஸைப் பாராட்டினார், நடுச் சுவருக்கு வந்து நின்றுவிட்டார். ரொம்ப நேரம் நின்றார். பக்கத்தில் அவருடைய அக்கா நின்றுகொண்டிருந்தாள். மனைவிக்கு மூச்சே வரவில்லை.

"யாரு இது?" என்றார்.

"பேர் தெரியாது" என்றாள் இவள்.

"அக்கா, இங்க பாரேன். அம்மா ஜாடை இல்ல? அம்மா குளிச்சிட்டு மாடியில தலை காய வைப்பாங்களே, அப்படியே இருக்கு."

அண்ணி முன்னால் குனிந்து, கவனமாகப் பார்த்தாள். "ஆமா தம்பி. இருக்கு" என்றாள்.

வகுப்பு முடிந்தது. அவள் இப்போதும் அதே எக்ஸ்ரே அறையில்தான் வேலை செய்கிறாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருப்பவர்களை மதிய இடைவேளைகளில் ஒவ்வொருவராகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். இதுவரை பதினான்கு பேர் ஆகியிருக்கிறது. புதன்கிழமையும் அவளுக்கு விடுமுறை. சில புதன்களில் ஆற்றுப் பக்கம் போகிறாள், பல புதன்களில் துணி துவைக்கிறாள்.

வீட்டில் அவர்கள் பேசும் வாக்கியங்களோடு ஒன்று கூடியிருக்கிறது. ஞாயிறு மதியம் அண்ணி உள்ளே வந்து செருப்பைக் கழற்றும்போது இவள் அடுப்படியிலிருந்தே கேட்பாள், "இன்னிக்கு எப்படி இருந்துச்சு அண்ணி?"

"பனி இல்ல. தண்ணி நல்லா தெரிஞ்சுது."

ஒரு முறை கணவர் பேப்பரை இறக்கிவிட்டுக் கேட்டார். "தையல் கூடத்துல ஏது தண்ணி?"

"குழாய்த் தண்ணிடா" என்றபடி அண்ணி மாடிக்கு ஏறிப் போனாள்.